ஆங்கர் டெக்ஸ்ட்: இணைப்புச் சொற்களைச் சீர்செய்யத் தொடங்குவோருக்கு

சில நூறு பக்கங்கள் கொண்ட, பலர் கைமாறி வந்த ஓர் இணையதளத்தின் இணைப்புகளைச் சீர்செய்யும் பொறுப்பு என்னிடம் வந்தபோது, ஆங்கர் டெக்ஸ்ட் பற்றிய அறிவுரைகளுக்குப் பஞ்சமே இருக்கவில்லை. எதை முதலில் செய்வது, எதற்குப் பணம் கட்டத் தேவையில்லை, எதைத் தொடாமலே விட்டுவிடுவது என்று வரிசையாகச் சொன்னவர்கள்தான் கிடைக்கவில்லை. சுற்றி அலைந்து கண்டுகொண்ட அந்த வரிசையை இங்கே எழுதுகிறேன்.

ஓர் இணைப்பில் வாசகரின் கண்ணுக்குத் தெரிகிற, சொடுக்கக்கூடிய சொற்களே ஆங்கர் டெக்ஸ்ட். இக்கட்டுரையில் அவற்றை இணைப்புச் சொற்கள் என்றே குறிப்பிடுகிறேன். ஒரு பக்கம் எதைப் பற்றியது என்று கணிக்கும்போது, கூகுள் போன்ற தேடுபொறிகள் அந்தப் பக்கத்தில் எழுதியிருப்பதோடு, பிற பக்கங்கள் அதை எந்தச் சொற்களால் சுட்டுகின்றன என்பதையும் கணக்கில் கொள்கின்றன. எடுத்துக்காட்டுகளுக்காகச் சைக்கிள் பராமரிப்பு பற்றிய ஒரு தளத்தைக் கற்பனை செய்துகொள்வோம்.

1. மூவகை இணைப்புகளையும் முதலிலேயே பிரித்துவிடுங்கள்

உங்கள் தளத்தின் ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குச் செல்பவை உள்ளிணைப்புகள். உங்கள் தளத்திலிருந்து பிறர் தளங்களுக்குச் செல்பவை வெளியிணைப்புகள். பிறர் தளங்களிலிருந்து உங்களுக்கு வருபவை பேக்லிங்க். முதல் இரண்டிலும் சொற்களைத் தேர்ந்தெடுப்பவர் நீங்கள். மூன்றாவதில் அந்தத் தளத்தை எழுதுபவர்.

புதிதாக இத்துறைக்கு வருகிறவர்களில் பலர் மூன்றாவதிலிருந்துதான் தொடங்குகிறார்கள், ஏனெனில் விற்பனைக்கு வைக்கப்படுவது அதுதான். "உங்கள் கீவேர்டிலேயே ஐம்பது பேக்லிங்க்" என்று விளம்பரம் செய்பவர்கள் உள்ளிணைப்புகளைப் பற்றி வாய் திறப்பதில்லை. (கீவேர்ட் என்பது மக்கள் தேடுபொறியில் தட்டெழுதும் சொல்.) நான் பரிந்துரைக்கும் வரிசை இதற்கு நேர் எதிரானது. உள்ளிணைப்புகளை முதலில் முடியுங்கள், பிறகு வெளியிணைப்புகளுக்கு வாருங்கள், பேக்லிங்க் கடைசியில் இருக்கட்டும். உள்ளிணைப்பைத் திருத்தப் பணச் செலவு இல்லை, யாரிடமும் அனுமதி கேட்க வேண்டியதில்லை, பிசகினால் அன்றே பழைய நிலைக்குக் கொண்டுவந்துவிடலாம்.

2. கையில் இருக்க வேண்டியவையும் ஆகக்கூடிய செலவும்

வேலையில் இறங்கும் முன், உங்கள் தளம் கூகுள் தேடலில் எப்படித் தெரிகிறது என்று காட்டும் கருவியான கூகுள் சர்ச் கன்சோலில் தளத்தின் உரிமையை உறுதிப்படுத்தியிருக்க வேண்டும். இது இலவசம். உறுதிப்படுத்த முக்கியமாக இரண்டு வழிகள் உண்டு: முழு டொமைனையும் டிஎன்எஸ் பதிவின் (டொமைன் கணக்கில் சேர்க்கும் ஒரு வரி) வழியாக உறுதிசெய்வது ஒன்று, குறிப்பிட்ட முகவரியில் தொடங்கும் பக்கங்களை மட்டும், கொடுக்கப்படும் ஹெச்டிஎம்எல் கோப்பைச் சர்வரில் ஏற்றி உறுதிசெய்வது இன்னொன்று. கோப்பை ஏற்றினால் பெரும்பாலும் உடனே முடிந்துவிடும். டிஎன்எஸ் மாற்றம் பரவ ஓரிரு நாள்கூட ஆகலாம். இரண்டையும் செய்துவைத்துக்கொள்ளுங்கள், காரணத்தை எட்டாம் படியில் சொல்கிறேன். டொமைன் கணக்கு, தளத்தை எப்போதோ வடிவமைத்துக் கொடுத்துவிட்டுப் போனவரின் மின்னஞ்சலில் பதிவாகியிருப்பது மிகச் சாதாரணமாக நடப்பது. அந்தக் கணக்கின் பொறுப்பை உங்கள் பெயருக்கு மாற்றிக்கொள்வதுதான் இந்த வேலை முழுவதிலும் நேரத்தை அதிகம் விழுங்கக்கூடியது என்பதால், முதல் நாளே அதற்கான கடிதப் போக்குவரத்தைத் தொடங்கிவிடுங்கள்.

அடுத்தது, பக்கங்களைத் திருத்தும் அனுமதியும், தளத்தின் தோற்றத்தை அமைக்கும் தீம் (theme) கோப்புகளைத் திருத்தும் அனுமதியும். மெனுவிலும் அடிப்பகுதியிலும் உள்ள இணைப்புகள் பக்கத்தின் எடிட்டரில் தெரிய மாட்டா. அவை தீமிலோ விட்ஜெட்டிலோ இருக்கும். இவற்றுடன், வேலையைத் தொடங்கும் நாளில் எடுத்த முழு பேக்கப் ஒன்றும் தனியாக இருக்க வேண்டும்.

தளத்தின் இணைப்புகளைத் திரட்டித் தரும் கிராலர் மென்பொருளில் பலரும் பயன்படுத்துவது ஸ்க்ரீமிங் ஃபிராக். அதன் இலவசப் பதிப்பு 500 முகவரிகள் வரை பார்க்கும்; அதற்கு மேல் ஆண்டுச் சந்தா கட்ட வேண்டும். உங்களுக்கு உரிமையுள்ள தளமாக இருந்தால் ஏரெஃப்ஸ் வெப்மாஸ்டர் டூல்ஸ் என்ற கருவியையும் கட்டணமின்றிப் பயன்படுத்தலாம். சிறிய தளம் என்றால் இவற்றுக்கு மேல் எதுவும் வாங்கத் தேவையில்லை.

3. இருக்கும் இணைப்புகளை அட்டவணையாக எடுங்கள்

கிராலரை ஓடவிட்டு, எல்லாப் பக்கங்களுக்கும் வரும் உள்ளிணைப்புகளை மொத்தமாக ஏற்றுமதி செய்யுங்கள். இணைப்பு இருக்கும் பக்கம், சென்றுசேரும் பக்கம், இணைப்புச் சொற்கள், படத்தின் ஆல்ட் சொற்கள் (படத்துக்குப் பின்னால் எழுதிவைக்கும் விவரிப்பு), ஸ்டேட்டஸ் எண் (முகவரி திறக்கிறதா என்று சர்வர் சொல்லும் எண்), இணைப்பு பக்கத்தின் எந்தப் பகுதியில் இருக்கிறது என்பது ஆகியவை தனித்தனிப் பத்திகளாகக் கிடைக்கும். கடைசியாகச் சொன்ன பத்தியை வைத்து முதலில் வடிகட்டுங்கள். மெனுவிலும் அடிப்பகுதியிலும் உள்ள ஒரே இணைப்பு தளத்தின் பக்கங்கள் அத்தனையிலும் திரும்பத் திரும்ப வருவதால், அவற்றை ஒதுக்காவிட்டால் பல்லாயிரம் வரிகள் குவிந்து, கட்டுரைகளுக்குள் இருக்கும் உண்மையான சிக்கல் கண்ணில் படாது.

இங்கே மூன்று இடங்களில் கால் இடறும். முதலாவது, ஏற்றுமதியான சிஎஸ்வி கோப்பை எக்ஸெலில் நேரடியாகத் திறந்தால் தமிழ் எழுத்துகள் சிதைந்து தெரியக்கூடும். புதிய தாளைத் திறந்து, தரவை இறக்குமதி செய்யும் வசதியில் யுடிஎஃப்-8 என்ற எழுத்துக் குறியாக்கத்தைத் தேர்ந்தெடுங்கள். இரண்டாவது, சில தளங்களில் பார்வைக்கு இணைப்புப் போலவே இருப்பவை உண்மையில் ஜாவாஸ்கிரிப்ட் வைத்த பொத்தான்களாக இருக்கும். பக்கத்தின் ஹெச்டிஎம்எல்லில் ஏ டேகும் அதற்குள் ஹெச்ரெஃப் முகவரியும் (<a href>) இருந்தால்தான் கூகுள் அதை இணைப்பாக நம்பகமாகப் பின்தொடரும். கிராலரின் பட்டியலில் வர வேண்டிய இணைப்பு ஒன்று வரவில்லை என்றால் முதலில் இதைச் சந்தேகியுங்கள். மூன்றாவது, 301 (வேறு முகவரிக்குத் திருப்பப்படுகிறது) அல்லது 404 (பக்கம் இல்லை) என்ற ஸ்டேட்டஸ் எண் காட்டும் இணைப்புகள். முகவரியே தவறாக இருக்கும் இணைப்பின் சொற்களை மெருகேற்றிப் பயனில்லை என்பதால், இறுதி முகவரியைப் போட்டு இவற்றை முதலில் முடித்துவிடுங்கள்.

4. எந்தப் பக்கம் எதற்கு என்று எழுதிவையுங்கள்

தனித் தாள் ஒன்றில், முக்கியமான ஒவ்வொரு பக்கத்துக்கும் எதிரே, அது எந்தக் கேள்விக்கு விடை தருகிறது என்பதை ஒரே வரியில் எழுதுங்கள். பக்கத்தின் தலைப்பை அப்படியே நகலெடுக்காதீர்கள். தேடி வருகிறவர் என்ன கேட்டிருப்பார் என்று எழுதுங்கள். சர்ச் கன்சோலின் செயல்திறன் அறிக்கையில் அந்தப் பக்கத்தைத் தேர்ந்தெடுத்தால், மக்கள் உண்மையில் எந்தச் சொற்களைத் தட்டெழுதி வந்தார்கள் என்பது தெரியும். கடந்த 16 மாதங்களுக்கான தரவு அங்கே இருக்கும்.

இரண்டு பக்கங்களுக்கு எதிரே ஒரே கேள்வி வந்தால் அங்கே நின்றுவிடுங்கள். "சங்கிலியைச் சுத்தம் செய்யும் முறை" என்று ஒரு பழைய கட்டுரையும் அதே பொருளில் ஒரு புதிய கட்டுரையும் இருந்து, பாதி இணைப்புகள் ஒன்றுக்கும் மீதி மற்றொன்றுக்கும் ஒரே சொற்களோடு போனால், எது முதன்மையானது என்று தேடுபொறியும் அறியாது, வாசகரும் அறியார். இரண்டையும் ஒன்றாக்கி, பழைய முகவரியிலிருந்து 301 திருப்புதல் வைக்க வேண்டும். அல்லது இரண்டின் பொருளையும் தெளிவாகப் பிரித்து எழுத வேண்டும். இணைப்புச் சொற்களில் காணும் குழப்பத்தில் கணிசமான பகுதி பக்கங்களின் குழப்பமே என்பதை இந்தத் தாள் காட்டிக்கொடுத்துவிடும். சிறிய தளத்துக்கு ஓர் அமர்வில் முடிந்துவிடக்கூடிய வேலைதான், ஆனாலும் பெரும்பாலானோர் தவிர்த்துவிடுகிறார்கள்.

5. சொற்களை எழுதுங்கள்

ஓர் இணைப்பைச் சொடுக்கினால் என்ன கிடைக்கும் என்பதை, சொடுக்குவதற்கு முன்பே அதன் சொற்கள் சொல்லிவிட வேண்டும். சரிபார்க்க ஓர் எளிய வழி உண்டு: பக்கத்தில் உள்ள இணைப்புச் சொற்களை மட்டும் தனியாக ஒரு தாளில் எடுத்து வாசித்துப் பாருங்கள். சுற்றியுள்ள வாக்கியம் இல்லாமலே ஒவ்வொன்றும் எங்கே கொண்டுசெல்லும் என்று ஊகிக்க முடிந்தால் போதும். "இங்கே", "மேலும் படிக்க", "இந்தக் கட்டுரை" ஆகியவை அந்தத் தாளில் ஊமையாக நிற்பதைப் பார்ப்பீர்கள்.

ஒரே இணைப்பை மூன்று விதமாக எழுதிப் பார்ப்போம். "சங்கிலியைச் சுத்தம் செய்வது எப்படி என்று அறிய இங்கே சொடுக்கவும்" என்ற வாக்கியத்தில் "இங்கே சொடுக்கவும்" மட்டும் இணைப்பாக இருக்கிறது. தேவையான சொற்கள் பக்கத்திலேயே இருந்தும் இணைப்புக்கு வெளியே நிற்கின்றன. இரண்டாவது, "சைக்கிள் சங்கிலி சுத்தம் சைக்கிள் சங்கிலி பராமரிப்பு மலிவான சைக்கிள் சங்கிலி" என்று கீவேர்டுகளை அடுக்கியது. எந்த மனிதரும் இப்படி எழுத மாட்டார் என்பதே அதன் குற்றம். மூன்றாவது, "எண்ணெய் இடுவதற்கு முன் சங்கிலியைச் சுத்தம் செய்யும் முறையைப் படித்துவிடுங்கள்" என்று எழுதி, "சங்கிலியைச் சுத்தம் செய்யும் முறையைப்" என்ற பகுதியை இணைப்பாக்குவது. வாக்கியம் இயல்பாக ஓடுகிறது, எதற்காக அங்கே போக வேண்டும் என்ற காரணமும் முன்னாலேயே வந்துவிடுகிறது. இணைப்புக்கு முன்னும் பின்னும் உள்ள சொற்களுக்கும் மதிப்பு உண்டு என்று கூகுளின் வழிகாட்டுதலே சொல்வதால், எல்லாவற்றையும் இணைப்புக்குள் திணிக்க வேண்டிய தேவை இல்லை.

மேலே காட்டிய எடுத்துக்காட்டில் "முறையைப்" என்ற சொல்லை ஒற்றெழுத்தோடு முழுவதும் சேர்த்திருப்பதைக் கவனியுங்கள். தமிழில் வேற்றுமை உருபு சொல்லோடு ஒட்டி வருவதால், கீவேர்ட் அப்படியே இருக்கட்டும் என்று "முறை" வரை இணைப்பாக்கிவிட்டு "யைப்" என்பதை வெளியே விடுகிறார்கள். பாதிச் சொல் அடிக்கோட்டுடனும் மீதிச் சொல் அடிக்கோடு இல்லாமலும் நிற்பது அசிங்கமாக இருக்கிறது என்பதோடு பிரச்சினை முடிவதில்லை. சுட்டியால் தேர்வு செய்யும்போது எல்லை ஓர் உயிர்மெய்யின் நடுவே விழுந்து, உயிர்க்குறி மட்டும் வெளியே தங்கினால், அதற்கு முன்னால் புள்ளிகளாலான ஒரு வட்டம் தோன்றிவிடும். எப்போதும் முழுச் சொல்லையே இணைப்பாக்குங்கள். பெயர்ச்சொல் உருபில்லாமல் நிற்பது முக்கியம் என்று தோன்றினால், வாக்கியத்தை மாற்றுங்கள்: "இதற்குச் சங்கிலியைச் சுத்தம் செய்யும் முறை தெரிந்திருக்க வேண்டும்" என்று எழுதினால் சொல் சிதையாமல் கிடைக்கிறது. ஒவ்வொரு இணைப்புக்கும் இப்படி வளைக்கத் தொடங்கினால் நடை செத்துவிடும், ஆகவே அளவோடு.

நீளத்துக்குச் சட்டம் எதுவும் இல்லை. தமிழில் இரண்டு முதல் ஆறு சொற்கள் பெரும்பாலும் போதுமானவை என்பது என் அனுபவம். ஒற்றைச் சொல்லில், அதுவும் "சங்கிலி" போன்ற பொதுச் சொல்லில், எந்தப் பக்கம் வரும் என்று தெரிவதில்லை. முழு வாக்கியத்தையே இணைப்பாக்கினால் எது முக்கியம் என்பது தெரியாமல் போகிறது. இரண்டு இணைப்புகளை இடைவெளியே இல்லாமல் அடுத்தடுத்து வைப்பதும் கூடாது. எது எங்கே முடிகிறது என்று வாசகருக்குப் புரியாது, அலைபேசியில் விரல் தவறிப் பக்கத்து இணைப்பில் படும்.

பல பக்கங்களிலிருந்து ஒரே பக்கத்துக்கு இணைப்புக் கொடுக்கும்போது, ஒரே சொற்றொடரை அச்சுப் போல எல்லா இடத்திலும் ஒட்டாதீர்கள். கியர் நழுவுவதைப் பற்றிய பக்கத்தில் "அழுக்கேறிய சங்கிலியைக் கழுவுவது" என்று வருவதும், புதிதாகச் சைக்கிள் வாங்கியவருக்கான பக்கத்தில் "சங்கிலியின் மாதாந்தரப் பராமரிப்பு" என்று வருவதும் அந்தந்த இடத்துக்கு ஏற்ற பேச்சு. சூழலுக்கு ஏற்றபடி எழுதினாலே வேறுபாடு தானாக வந்துவிடும். தவிர்க்க வேண்டியது இதன் மறுபக்கம்: ஒரே சொற்களால் இரண்டு வெவ்வேறு பக்கங்களைச் சுட்டுவது. அட்டவணையை இணைப்புச் சொற்களின்படி அகரவரிசையில் அடுக்கினால் இத்தகையவை ஒன்றன்கீழ் ஒன்றாக வந்து நிற்கும்.

முகவரியையே இணைப்புச் சொல்லாக ஒட்டுவதைப் பற்றியும் ஒரு வார்த்தை. தமிழ் எழுத்துகள் கொண்ட முகவரியை நகலெடுத்து ஒட்டினால், ஒவ்வொரு எழுத்துக்குறியும் ஒன்பது குறிகளாக விரிந்து, சதவீதக் குறிகளின் நீண்ட சரமாக மாறிவிடும். அதை வாசிக்க எவராலும் முடியாது.

கடைசியாக, மொத்த மாற்றம் என்னும் ஆசை. "இங்கே சொடுக்கவும்" என்பதைத் தளம் முழுவதும் ஒரே கட்டளையில் மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஒவ்வொரு இடத்திலும் அது வெவ்வேறு பக்கத்தைச் சுட்டுவதால் முடியாது. குறிப்பிட்ட கீவேர்ட் வரும் இடமெல்லாம் தானாகவே இணைப்பு வைக்கும் பிளகின்களையும் நான் பரிந்துரைப்பதில்லை, அவை மேற்கோளுக்குள்ளும் பொருத்தமில்லாத வாக்கியத்திலும் இணைப்பை நட்டுவிடுகின்றன. தமிழில் தேடி மாற்றும்போது இன்னொரு கண்ணி இருக்கிறது: "கொ" போன்ற எழுத்தின் உயிர்க்குறி ஒரே குறியாகவும் பதிவாகியிருக்கலாம், ஒற்றைக் கொம்பும் காலும் தனித்தனிக் குறிகளாகவும் பதிவாகியிருக்கலாம், திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும், ஆனால் தேடும் வசதி ஒன்றைக் கண்டுபிடித்து மற்றொன்றைத் தவறவிடலாம். ஆகவே பக்கம் பக்கமாகக் கையால் திருத்துங்கள். ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம் என்று கணக்கிட்டு, பார்வையாளர் அதிகம் வரும் பக்கங்களிலிருந்து இறங்கி வாருங்கள்.

6. படங்கள், பொத்தான்கள், மெனு

படத்தையே இணைப்பாக வைத்திருந்தால், அதன் ஆல்ட் சொற்களைக் கூகுள் இணைப்புச் சொற்களாக எடுத்துக்கொள்கிறது. அது காலியாக இருந்தால் இணைப்பு பெயரற்றுக் கிடக்கும். கேமரா கொடுத்த கோப்புப் பெயரே ஆல்ட் இடத்தில் இருப்பதும் அதே அளவு பயனற்றது. "கழற்றிய பின்சக்கரம்" என்று படத்தை வருணிப்பதைவிட, "பின்சக்கரத்தைக் கழற்றும் படிகள்" என்று சேருமிடத்தைச் சொல்வது இணைப்பாக உள்ள படத்துக்குப் பொருத்தம்.

மெனுவில் சொற்கள் சுருக்கமாகத்தான் இருக்க முடியும், அதில் தவறில்லை. "சேவைகள்" என்பதற்குப் பதில் "பழுதுபார்த்தல்" என்று போட இடம் இருந்தால் போடுங்கள்.

இந்தப் படியின் வேலை பார்வைக் குறைபாடு உள்ள வாசகர்களுக்கும் நேரடியாகப் பயன்படுகிறது. இணைப்பின் நோக்கம் அதன் சொற்களிலிருந்தோ, சொற்களும் சூழலும் சேர்ந்தோ புரிய வேண்டும் என்பது டபிள்யூசிஏஜி அணுகல்தன்மை நெறிகளில் 2.4.4 என்ற எண்ணுள்ள, அடிப்படை நிலை விதி. திரையில் உள்ளதை உரக்கப் படித்துக் காட்டும் என்விடிஏ என்ற இலவசத் திரைவாசிப்பானில் இன்சர்ட் விசையோடு எஃப்7 விசையை அழுத்தினால் பக்கத்தின் இணைப்புகள் மட்டும் பட்டியலாக வரும். ஐந்தாம் படியில் தாளில் எழுதிப் பார்க்கச் சொன்ன அதே சோதனையை எழுதாமலே செய்துவிடலாம்.

7. வெளியே செல்லும் இணைப்புகள்

பிற தளங்களுக்கு இணைப்புக் கொடுத்தால் உங்கள் மதிப்பு ஒழுகிப் போய்விடும் என்று அஞ்சி எல்லாவற்றுக்கும் நோஃபாலோ (இந்த இணைப்பை என் பரிந்துரையாகக் கொள்ள வேண்டாம் என்று தேடுபொறிக்குச் சொல்லும் குறி) போடுவது வீண் வேலை. நம்பிக்கையான மூலத்துக்கு, அது என்ன மூலம் என்பது தெரியும் சொற்களோடு, சாதாரண இணைப்பே கொடுங்கள். பணமோ பொருளோ பெற்றுக்கொண்டு வைக்கும் இணைப்புக்கு மட்டும், இணைப்பின் ரெல் (rel) பண்பில் ஸ்பான்சர்டு என்ற மதிப்போ நோஃபாலோவோ கட்டாயம்; ஸ்பான்சர்டே சிறந்தது. பார்வையாளர்கள் எழுதும் பகுதிகளில் வரும் இணைப்புக்கு யுஜிசி (பயனர் உருவாக்கிய உள்ளடக்கம்) என்ற மதிப்பு பொருந்தும். ஸ்பான்சர்டு, யுஜிசி இரண்டையும் கூகுள் 2019 செப்டம்பரில் அறிமுகப்படுத்தியது. அப்போதிருந்து நோஃபாலோவையும் அது கட்டளையாகக் கொள்ளாமல் குறிப்பாகவே எடுத்துக்கொள்கிறது.

விருந்தினர் கட்டுரை என்ற பெயரில் வரும் கோரிக்கைகளில் கவனம் தேவை. இணைப்புச் சொற்களை எழுத்துக்கு எழுத்து இவ்வாறே வைக்க வேண்டும் என்று அனுப்புகிறவர் வற்புறுத்தினால், அவர் உங்கள் வாசகருக்காக எழுதவில்லை என்று எடுத்துக்கொள்ளுங்கள்.

உங்கள் சொந்தப் பக்கங்களுக்கான உள்ளிணைப்புகளில் நோஃபாலோ இருந்தால் எடுத்துவிடுங்கள். அதை வைத்து மதிப்பை ஒரு பக்கத்திலிருந்து இன்னொன்றுக்குத் திருப்பிவிட முடியாது என்பதைக் கூகுள் 2009-லேயே தெளிவுபடுத்திவிட்டது.

8. உள்ளே வரும் இணைப்புகள்: குறைவாகத் தொடுங்கள்

சர்ச் கன்சோலின் இணைப்புகள் அறிக்கையில், பிறர் உங்களை அதிகமாகச் சுட்டும் சொற்கள் என்ற பட்டியல் இருக்கிறது. அதிகபட்சம் 1,000 வரிகள் காட்டும். உங்கள் நிறுவனப் பெயர், முகவரி, கட்டுரைத் தலைப்புகள், "இங்கே" போன்றவை கலந்து கிடந்தால் அது ஆரோக்கியமான பட்டியல், விட்டுவிடுங்கள். மேலே நிற்பவை எல்லாம் விற்பனை வாடை வீசும் கீவேர்டுகளாக இருந்தால்தான் யோசிக்க வேண்டும்.

பிராண்ட் பெயர் இத்தனை சதவீதம், கீவேர்ட் இத்தனை சதவீதம் என்று விகித அட்டவணை விற்பவர்களிடம் ஏமாறாதீர்கள். கூகுள் அப்படி எந்த விகிதத்தையும் வெளியிட்டதில்லை. கீவேர்டுகளைத் திணித்த செயற்கை இணைப்புகளைக் குறிவைத்து 2012 ஏப்ரலில் கூகுள் தன் தேடல் கணிப்பு முறையில் (அல்காரிதம்) கொண்டுவந்த பெங்குயின் மாற்றம், 2016 செப்டம்பரிலிருந்து மைய அல்காரிதத்தின் பகுதியாக இயங்குகிறது. அத்தகைய இணைப்புகளை அது பெரும்பாலும் கணக்கில் சேர்க்காமல் விட்டுவிடுகிறது. அதாவது, விலை கொடுத்து வாங்கியது பலருக்குத் தண்டனையாகக்கூட வராமல், பலனே இல்லாமல் போகும். பணம் போனது போனதுதான்.

உங்களால் நேர்மையாகச் செய்யக்கூடியது ஒன்று உண்டு. பெயரைக் குறிப்பிட்டும் இணைப்பு வைக்காதவர்களுக்கும், உடைந்த முகவரியை வைத்திருப்பவர்களுக்கும் சுருக்கமாக மடல் எழுதிக் கேளுங்கள். அப்போதும் சரியான முகவரியை மட்டும் கொடுங்கள். எந்தச் சொற்களை இணைப்பாக்குவது என்பதை அவரிடமே விடுங்கள்.

சர்ச் கன்சோலில் "உங்கள் தளத்துக்கு வரும் இயல்பற்ற இணைப்புகள்" என்ற வகையில், கூகுள் ஊழியர் ஆராய்ந்து எடுக்கும் தண்டனை நடவடிக்கையான மேனுவல் ஆக்‌ஷன் வந்திருந்தால் மட்டுமே நிலைமை வேறு. முதலில் அந்த இணைப்புகளை வைத்தவர்களிடம் நீக்கச் சொல்லிக் கேளுங்கள். மடல்களின் நகல், தேதி, கிடைத்த பதில் ஆகியவற்றை ஓர் அட்டவணையில் சேருங்கள், ஏனெனில் அந்த நடவடிக்கையை நீக்கக் கேட்டுக் கூகுளுக்கு அனுப்பும் மறுபரிசீலனை மனுவில் நீங்கள் எடுத்த முயற்சிக்கான சான்று அதுதான். நீக்க முடியாதவற்றுக்கு, அவற்றைக் கணக்கில் கொள்ள வேண்டாம் என்று கூகுளிடம் சொல்லும் டிஸவோ கோப்பு தயாரியுங்கள். அது வரிக்கு ஒரு முகவரி அல்லது டொமைன் என்ற முறையில் எழுதப்பட்ட, யுடிஎஃப்-8 வடிவிலான எளிய உரைக் கோப்பு. 1,00,000 வரிகளுக்கும் 2 எம்பி அளவுக்கும் மேல் போகக்கூடாது. டொமைனாக உறுதிசெய்த கணக்கில் இந்தக் கருவி வேலை செய்யாது, முகவரி முன்னொட்டாக உறுதிசெய்த கணக்கில்தான் செய்யும்; இரண்டாம் படியில் இரண்டையும் செய்யச் சொன்னதற்கு இதுவே காரணம். இரண்டாவது முறை கோப்பை ஏற்றினால் முதல் கோப்பு அழிந்து புதியது அந்த இடத்துக்கு வந்துவிடும், ஆகவே பழைய வரிகளையும் சேர்த்தே ஏற்றுங்கள். கோப்பு முழுமையாகச் செயலுக்கு வர வாரங்கள் ஆகும். மறுபரிசீலனை முடிவுக்கும் பல நாள்களோ வாரங்களோ காத்திருக்க நேரிடும். இடையில் மனுவைத் திரும்பத் திரும்ப அனுப்பாதீர்கள்.

மேனுவல் ஆக்‌ஷன் வராத தளத்துக்கு, யாரோ கட்டணக் கருவி ஒன்றில் சிவப்பு நிறத்தில் "நச்சு" என்று காட்டியதைப் பார்த்து டிஸவோ செய்யாதீர்கள். நல்ல இணைப்புகளையும் சேர்த்து வெட்டிக்கொள்ளும் ஆபத்து அதில் இருக்கிறது.

9. திருத்திய பிறகு

திருத்திய பக்கங்கள் ஒவ்வொன்றின் முகவரியையும் தேதியையும் பழைய சொற்களையும் புதிய சொற்களையும் அட்டவணையில் குறித்துவையுங்கள். முக்கியமான சில பக்கங்களுக்குச் சர்ச் கன்சோலின் முகவரி ஆய்வு வசதியில் மறுபதிவு கேட்கலாம். எல்லாவற்றுக்கும் கேட்க வேண்டியதில்லை, கேட்பதற்கு நாள் வரம்பும் இருக்கிறது. இங்கே ஒன்றைக் கவனிக்க வேண்டும்: கூகுள் மறுபடி வாசிக்க வேண்டியது நீங்கள் சொற்களைத் திருத்திய பக்கத்தை. அந்தச் சொற்கள் சுட்டுகிற பக்கத்தை மட்டும் அனுப்பினால் திருத்தம் அதன் கண்ணில் படாது.

பலன் சில நாள்களிலும் தெரியலாம், சில மாதங்களும் ஆகலாம். குறைந்தது சில வாரங்கள் பொறுத்து, திருத்தத்துக்கு முந்தைய நான்கு வாரங்களையும் பிந்தைய நான்கு வாரங்களையும் செயல்திறன் அறிக்கையில் ஒப்பிடுங்கள். தளம் முழுவதுக்குமான கூட்டுத் தொகையில் இது தெரியாது. இணைப்புகள் சுட்டுகிற பக்கத்தைத் தனியே வடிகட்டி, அது எந்தத் தேடல்களுக்குக் காட்டப்படுகிறது என்பதைப் பாருங்கள். அதே காலத்தில் அந்தப் பக்கத்தின் தலைப்பையும் உள்ளடக்கத்தையும் மாற்றியிருந்தால், மாற்றம் எதனால் வந்தது என்று பிரித்தறிய முடியாது. ஆகவே இந்த வாரங்களில் அவற்றில் கை வைக்காமல் இருங்கள்.

புதிய கட்டுரை ஒன்றை வெளியிடும் ஒவ்வொரு முறையும், நான்காம் படியில் தயாரித்த தாளில் ஒரு வரியைச் சேர்த்துவிட்டு, அதற்குத் தொடர்புள்ள இரண்டு மூன்று பழைய பக்கங்களைத் திறந்து அங்கிருந்து புதியதற்கு இணைப்புக் கொடுத்துவிடுங்கள். கிராலரை மூன்று மாதங்களுக்கு ஒருமுறை ஓட்டினால் போதும்.